நசரத்பேட்டை மனையில் ஒரு கௌதாரிக் குடும்பம்

புதிதாகப் பறவைப் படம் எடுக்க வந்திருக்கும் நண்பர்களே, லென்ஸ் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அதை உங்கள் போனே சொல்லிவிடும். என்னைவிட நன்றாகவும் சொல்லும். காட்டுக்குப் போகிற கதையையும் நான் சொல்லப் போவதில்லை. இமயமலைப் பக்கம் போய், வண்ண வண்ணமான காட்டுக்கோழிகளுக்காகப் பனியில் உட்கார்ந்து, மூக்கு சிவக்கத் திரும்பி வந்தவள்தான் நானும். அங்கே எனக்கு எந்தப் பாடமும் கிடைக்கவில்லை. சளிதான் கிடைத்தது. இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த உருப்படியான பாடம் பூந்தமல்லியைத் தாண்டி, நசரத்பேட்டை பக்கம் ஒரு காலி மனையில் கிடைத்தது. அதற்குள் நான் ஓரளவு பெயர் வாங்கியிருந்தேன். அதனால் பாடம் கொஞ்சம் ஓங்கியே விழுந்தது.

ஒரு பதிப்பகத்தார் குழந்தைகளுக்காகப் புத்தகம் போட்டார்கள். நகரத்தின் ஓரத்தில் வாழும் பறவைகள் பற்றிய புத்தகம். மயில் கிடைத்துவிட்டது. ஆவடிப் பக்கம் மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனால் மயில்தான் முதலில் நிற்கிறது. மயிலின் உறவுக்காரனான கௌதாரிதான் கிடைக்கவில்லை. அதுவும் பதிப்பாசிரியர் கேட்டது தனிப் பறவை அல்ல. "தாயும் குஞ்சுகளுமா, இயல்பா, நல்ல வெளிச்சத்துல" என்று கல்யாண ஆல்பம் கேட்பது போலக் கேட்டார்.

கௌதாரியைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். காய்ந்த புல்லையும் புழுதியையும் பிசைந்து ஒரு கோழிக்குஞ்சு செய்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். விடியற்காலையில் புதருக்குள் இருந்து ஊரையே எழுப்புகிற மாதிரி கத்தும். கத்தின இடத்தைப் போய்ப் பார்த்தால் இருக்காது. பறந்தால்கூடப் பரவாயில்லை, எங்கே போயிற்று என்றாவது தெரியும். இது ஓடும். கடன்காரனைக் கண்டவன் சந்தில் நுழைவது போலத் தலையைக் குனிந்துகொண்டு ஓடும். லென்ஸில் வெயில் பட்டு மின்னினால் போதும், அன்றைய வேலை முடிந்தது.

நசரத்பேட்டையில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போனால் ஒரு மனைப்பிரிவு. நுழைவில் பெரிய வளைவு, அதில் தங்க நிறத்தில் பெயர். உள்ளே ஒன்றிரண்டு வீடுகள், மிச்சமெல்லாம் எல்லைக்கல்லும் சீமைக்கருவேலமும்தான். வாங்கிப் போட்டவர்கள் விலை ஏறட்டும் என்று காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பில் கௌதாரிகள் குடியேறிவிட்டன. ஒரு மனையில், முள் புதருக்கு முன்னால், அவை புழுதியில் புரண்டு மண்குளியல் போடுகிற இடத்தைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த அன்று கள்ளிக்குப்பத்தில் இருக்கும் என் வீட்டுக்கு ஸ்கூட்டரில் பாடிக்கொண்டே வந்தேன்.

மறைந்து உட்கார ஒரு கூடாரம் வேண்டும். பூந்தமல்லியில் ஒரு தையல்காரர், எல்லோருக்கும் அவர் பாய். காக்கித் துணியைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவர் வெகு நேரம் யோசித்தார்.

"கை எங்க வருதும்மா?"

"கை வேண்டாம் பாய். முன்பக்கம் ஒரு வட்டம் மட்டும், லென்ஸ் நுழையற மாதிரி."

"அப்ப அதான் கழுத்து" என்றார். "உட்கார்ந்தா முட்டி இடிக்கும். கொஞ்சம் லூஸா வச்சுடறேன். பாக்கெட் வேணுமா?"

பாக்கெட் வைத்தே கொடுத்தார். நன்றாகத் தைத்த கூடாரம் அது. அதைக் கொண்டுபோய் மனையின் பின்மூலையில், புதருக்கு எதிரே அடித்தேன். யாரிடம் அனுமதி கேட்பது என்று தெரியவில்லை. வளைவு ஓரத்து டீக்கடைக்காரரிடம் கேட்டேன். "இங்க எவன் மேடம் வரப் போறான்?" என்றார். அதையே அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். என் தவறு அங்கே ஆரம்பித்தது. அன்றைக்கு அது எனக்குத் தெரியாது.

கூடாரத்தைச் சில நாள் அப்படியே விட்டுவைக்க வேண்டும், பறவை பழக வேண்டும். பழகிவிட்டது. ஒரு நாள் காலையில் நான் உள்ளே இருக்கும்போதே ஆண் கௌதாரி கூடாரத்தின் மேல் ஏறி நின்று கத்தியது. என் தலைக்கு மேலே கத்துகிற பறவையை நான் எப்படிப் படம் எடுப்பது? ஆனாலும் மனசு நிறைந்துவிட்டது. என்னை மறந்துவிட்டன, இனி பயமில்லை என்று நினைத்தேன்.

கௌதாரிகள் மறந்தது உண்மை. மனிதர்கள் மறக்கவில்லை.

அந்த மனை முத்துக்குமார் என்பவருடையது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. மனைவி செல்வியோடு அம்பத்தூரில் வாடகை ஃபிளாட்டில் இருந்தார். இருவரும் தீபாவளித் துணிகூட எடுக்காமல் சேர்த்து வாங்கிய இடம் அது. அந்த மனைப்பிரிவைப் பார்த்துக்கொள்ளும் புரோக்கர் ஏழுமலை, என் கூடாரத்தைப் படம் பிடித்து அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் விடியுமுன்பே உள்ளே போய் உட்கார்ந்திருந்தேன். வெயில் சாய்வாக விழத் தொடங்கியதும் புதர் அசைந்தது. முதலில் தாய் வந்தது. கழுத்தை நீட்டிச் சுற்றிலும் பார்த்தது. அதன் பின்னால், பொரிந்து சில நாளே ஆன குஞ்சுகள் பஞ்சு உருள்வது போல உருண்டு வந்தன. பதிப்பாசிரியர் கேட்ட ஆல்பம் அப்படியே எதிரில் நிற்கிறது. கொஞ்சம் கிட்டே வரட்டும் என்று காத்திருந்தேன்.

கார் வந்து நின்றது.

தாய் ஒரு சின்னச் சத்தம் எழுப்பிவிட்டுப் புதருக்குள் பாய்ந்தது. குஞ்சுகள் பாயவில்லை. ஆபத்து என்றால் குஞ்சுகள் இருந்த இடத்திலேயே தரையோடு தரையாக ஒட்டிக்கொள்ளும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தனையும் காணாமல் போயின. காய்ந்த சாணித் துண்டு போல அங்கங்கே கிடந்தன, சரியாகக் காருக்கும் என் கூடாரத்துக்கும் நடுவில், ஆள் நடந்து வருகிற வழியில்.

மூன்று பேர் இறங்கினார்கள். முத்துக்குமார் கையில் கடப்பாரை. செல்வி கையில் பெயர் எழுதிய புத்தம் புதுப் பலகை. ஏழுமலை கையில் போன்.

"நான் சொல்லல சார்?" ஏழுமலை கூடாரத்தைக் காட்டினார். "இன்னிக்குக் கூடாரம் போட்டுகினு உக்காருவானுங்க. நாளைக்கு ஓலை வேஞ்சுடுவானுங்க. அப்பால கரண்டு வாங்கி, ரேசன் கார்டு வாங்கி, உன்னையே யாருன்னு கேப்பானுங்க."

"யாருய்யா உள்ள? வெளிய வாங்க!" முத்துக்குமாரின் குரல் நடுங்கியது. "பத்து மணிக்கு ஜேசிபி வருது, எல்லாத்தையும் வழிச்சு எடுத்துருவேன், பாத்துக்கிடுங்க!"

"ஏங்க, சத்தம் போடாதிய" என்றார் செல்வி. "உள்ள எத்தன பேரு இருக்காவளோ."

அவர்கள் நடக்கத் தொடங்கினார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள், நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்? கத்தினால், கோபத்தில் இருக்கும் மனிதர் குரல் வந்த திசைக்கு ஓடி வருவார், குஞ்சுகள் மேலேயே மிதித்துக்கொண்டு. திடீரென்று வெளியே எழுந்து நின்றால், பயந்து பின்னால் ஓடுவார். பின்னாலும் குஞ்சுதான். பேசாமல் இருந்தால் நாலு எட்டில் ஏதாவது ஒன்று நசுங்கும்.

அப்போது என் கண்ணெதிரே இருந்ததைப் பார்த்தேன். 'மனை விற்பனைக்கு' என்று பக்கத்து மனையில் ஒரு பலகை. அதில் ஏழுமலையின் பெயரும், ஆள் உயரத்துக்குப் போன் எண்ணும். நான் வைக்கிற கோணமெல்லாம் பின்னணியில் அந்த எண் வந்து நின்று படத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. திட்டித் திட்டியே மனப்பாடம் ஆகியிருந்தது. கையில் போனோடு புரோக்கர் மாதிரி பேசுகிறவர் அவராகத்தான் இருப்பார் என்று போனை எடுத்து அழைத்தேன்.

ஏழுமலையின் கையில் அம்மன் பாட்டு உச்சத்தில் ஒலித்தது. மூவரும் நின்றார்கள்.

"அலோ, வணக்கம், சொல்லுங்க."

"ஏழுமலை, அசையாதீங்க" என்றேன் மிக மெதுவாக. "கூட இருக்கறவங்களையும் அசைய விடாதீங்க."

"யாரு மேடம்? சிக்னல் சரியில்ல, சத்தமா பேசுங்க. பிளாட் பாக்கணுமா?"

"சத்தமா பேச முடியாது."

"அப்பால கூப்புடவா மேடம்? நான் இப்ப சைட்டுல ஒரு பிரச்சனையில கீறேன்."

"அந்தப் பிரச்சனை நான்தான். கூடாரத்துக்குள்ள இருந்து பேசறேன்."

ஏழுமலை போனைப் பார்த்தார். கூடாரத்தைப் பார்த்தார். மறுபடி போனைக் காதில் வைத்தார். தொழில் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

"மேடம், எந்த பட்ஜெட்ல பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"ஐயோ, தரையில கௌதாரிக் குஞ்சுங்க இருக்கு. மிதிச்சுடப் போறீங்க. அவரை நிறுத்துங்க!"

ஏழுமலை குனிந்து தரையைப் பார்த்தார். முகம் மாறியது. "சார், அசையாதீங்க!" என்றார்.

"பாம்பா?" என்றார் முத்துக்குமார்.

"பாம்பு இல்ல சார்..."

முத்துக்குமார் காதில் 'பாம்பு' என்ற முதல் சொல்லோடு நின்றுவிட்டது. தூக்கிய வலது காலைத் தூக்கியபடியே வைத்துக்கொண்டார். கடப்பாரையை ஊன்றி, ஒற்றைக் காலில் நின்றார். நான் லென்ஸ் வழியாகப் பார்த்தேன். தூக்கிய ஷூவுக்கு நேர் கீழே ஒரு குஞ்சு.

"அவர் காலைக் கீழே வைக்கக் கூடாது" என்றேன் போனில்.

"சார், காலைக் கீய வெக்கக் கூடாதாம்."

"யாரு சொல்லுதா?"

"உள்ள கீற மேடம்."

"என் இடத்துல நான் கால வைக்கதுக்கு, ஆக்கிரமிச்சவங்க கிட்ட அனுமதி கேக்கணுமா?"

"ஏங்க" என்று செல்வி அவர் தோளைப் பிடித்தார். "கீழ பாருங்க. ஐயோ, இத்தினிக்கூண்டு குஞ்சு!"

முத்துக்குமார் பார்த்தார். ஏழுமலை அவரது இடுப்பை ஒரு பக்கம் தாங்கிக்கொண்டார். செல்வி மறு பக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு குடும்பமும் புரோக்கரும் முள்காட்டில் சிலை மாதிரி நின்றார்கள்.

வெயில் ஏறியது. புதருக்குள் இருந்து தாயின் குரல் வந்தது, கத்தல் இல்லை, தொண்டைக்குள்ளேயே கூப்பிடுகிற குரல். ஒரு சாணித் துண்டுக்குக் கால் முளைத்தது. அது ஓடிப் புதருக்குள் போனது. அடுத்தது. அடுத்தது. ஷூவுக்குக் கீழே இருந்தது மட்டும் நகரவில்லை. அது ரொம்பச் சொல்பேச்சுக் கேட்கிற குஞ்சு போலிருக்கிறது. முத்துக்குமாரின் கால் நடுங்க ஆரம்பித்தது. நெற்றியில் வழிந்த வியர்வையைச் செல்வி முந்தானையால் துடைத்தார்.

அப்போது தாய் வெளியே வந்தது. லென்ஸ் மின்னினாலே ஓடுகிற பறவை, மூன்று மனிதர்களுக்கு எதிரே, வெட்டவெளியில் வந்து நின்றது. நின்றது, திரும்பி ஓடியது, மறுபடி வந்தது. உடம்பெல்லாம் நடுங்கியது. என் கேமராவின் சட்டத்துக்குள் தாய், குஞ்சு, மேலே தொங்குகிற ஒரு ஷூ. வாழ்நாளில் ஒரு முறை கிடைக்கிற படம். என் விரல் பொத்தானின் மேல் இருந்தது.

நான் அமுக்கவில்லை. பெரிய மனசு என்று நினைக்காதீர்கள். அன்றைய என் கேமரா, எவர்சில்வர் டப்பாவை மூடுகிற மாதிரி சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்குத் தாய் ஓடியிருந்தால் மறுபடி வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. அந்த மனிதரால் இன்னும் எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்றும் தெரியாது. என்ன ஆகும் என்று தெரியாத இடத்தில், படத்தை விடலாம். பறவையை வைத்துச் சூதாட முடியாது. விரலை எடுத்துவிட்டேன். விரல் வலித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தாய் கிட்டே வந்து ஒரு குரல் கொடுத்தது. குஞ்சு எழுந்தது. இரண்டும் புதருக்குள் போயின. முத்துக்குமார் காலைக் கீழே வைத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் வெளியே வந்தேன். தலையெல்லாம் சருகு, முட்டி நிமிரவில்லை. ஒரு கும்பலை எதிர்பார்த்து வந்தவருக்கு, என்னைப் பார்த்ததும் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும்.

"நீங்க ஒருத்தர்தானா?" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். குஞ்சுகள் பறக்கிற வரை அந்தப் புதர்தான் அவற்றுக்கு வீடு, ஜேசிபி வந்தால் ஒன்றும் மிஞ்சாது என்றேன். அவர் முகம் இறுகியது. "மேடம், நாங்க வயித்தக் கட்டி வாங்குன இடம். சும்மா கெடந்தா யாராவது உள்ள வந்துருவாங்கல்லா? இன்னைக்கு நீங்களே வந்திருக்கிய."

அவர் பயம் நியாயமானது. தாய்க்கு இருந்த அதே பயம்தான் அது.

"அது புள்ளையளுக்காவ எவ்வளவு தைரியமா வந்து நின்னுச்சு, பாத்தியளா?" என்றார் செல்வி. அவர் கணவரிடம் கேட்கவில்லை, முடிவைச் சொன்னார். "ஜேசிபிக்காரருக்குப் போனப் போட்டு வரவேண்டாம்னு சொல்லுங்க."

ஏழுமலைக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது. "சார், யாரும் உள்ள வரக்கூடாது, அவ்ளோதானே? மேடம்தான் டெய்லி வந்துகினு கீறாங்களே. அவங்களே இருக்கட்டும். ஃப்ரீ வாட்ச்மேன் சார்!"

அப்படித்தான் நான் அந்த மனையின் காவலாளி ஆனேன். அதன் பிறகு அங்கே என்னை எல்லோருக்கும் தெரிந்தது. ஞாயிறுதோறும் செல்வி இட்லியும் எள்ளுப்பொடியும் கொண்டு வந்தார். வளைவு தாண்டும்போதே, "மேடம், குஞ்சுக வந்துச்சா?" என்று கூவுவார், வந்திருந்தவையும் போய்விடும். ஏழுமலை ஒவ்வொரு முறை ஆள் கூட்டி வரும்போதும் எனக்குப் போன் செய்து, "மேடம், எந்தப் பக்கமா வரட்டும்?" என்று கேட்பார். பக்கத்து மனைகளைக் காட்டும்போது, "ஏரி வியூ எல்லாரும்தான் தராங்க. இங்க கௌதாரி வியூ சார்" என்று சொல்வதையும் என் காதால் கேட்டேன்.

படமும் கிடைத்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலை தாயும் குஞ்சுகளும் கூடாரத்துக்கு எதிரிலேயே வந்து, சாவகாசமாகக் கரையானைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. கேமராவின் சட்டத்துக்குள் தெரிந்ததெல்லாம் குனிந்த தலையும் முதுகும்தான். அப்போது என் மடியில் போன் அதிர்ந்தது, ஏழுமலை. தாய் விருட்டென்று நிமிர்ந்தது. குஞ்சுகள் அதன் வயிற்றுக்கடியில் ஒடுங்கின. அது நேராக என்னைப் பார்த்தது. அந்த ஒரு கணத்தில் பொத்தானை அமுக்கினேன். சத்தத்துக்கு ஓடின. ஆனால் இந்த முறை எல்லாம் சேர்ந்தே ஓடின. "என்ன ஒரு விழிப்பு! எப்படி மேடம் சரியா அந்தக் கணத்தைப் பிடிச்சீங்க?" என்று பதிப்பாசிரியர் வியந்தார். பல வருட அனுபவம் என்றேன். ஆகவே, போனை அணைத்துவிட்டு உள்ளே போங்கள் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு வாய் இல்லை. சொல்ல முடிந்தது இது ஒன்றுதான். பறவையிடமிருந்து ஒளிந்துகொள்ளுங்கள். அந்த மண்ணுக்குச் சொந்தக்காரரிடம் முதலில் போய் முகத்தைக் காட்டுங்கள். உங்கள் பறவையின் உயிர் ஒரு நாள் அவர் காலடியில் கிடக்கும். அப்போது அவருக்கு நீங்கள் யாரென்று தெரிந்திருக்க வேண்டும்.

குஞ்சுகள் பறந்து, புதர் பல நாள் காலியாகக் கிடந்த பிறகு ஜேசிபி வந்தது. கூடாரத்தைப் பிரித்து எடுக்க நானும் போயிருந்தேன். வண்டி முள்ளையெல்லாம் வழித்துக்கொண்டே பின்மூலைப் புதருக்கு வந்ததும் முத்துக்குமார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அத விட்டுருங்கண்ணே."

"ஏன் சார்? அதான் பெரிய புதரு. வேரோட தூக்கிடறேன்."

முத்துக்குமார் என்னைப் பார்த்தார், பிறகு வண்டிக்காரரைப் பார்த்தார். ஒரு குருவிக்காக இடத்தை விடுகிறேன் என்று இன்னொரு ஆணிடம் சொல்ல அவருக்குக் கூச்சம்.

"வாஸ்துண்ணே" என்றார். "கன்னி மூலையில முள்ளு இருந்தா நல்லதாம். தொடக் கூடாதுன்னு சொல்லிருக்காவ."

வண்டிக்காரர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். பக்கத்தில் நின்ற ஏழுமலை அதை மனதில் குறித்துக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து வந்த வாடிக்கையாளர்களிடம் எல்லாம் கன்னி மூலை முள்ளின் பெருமையைச் சொல்லத் தொடங்கினார். இன்று அந்த மனைப்பிரிவில் வீடுகள் எழும்பிவிட்டன. பல வீடுகளின் தென்மேற்கு மூலையில் ஒரு முள் புதர் நிற்கிறது. யாரும் வெட்டுவதில்லை. விடியற்காலையில் எல்லாப் புதரிலிருந்தும் கௌதாரி கத்துகிறது.